1990 ரேஞ்ச் ரோவர் வோக் எஸ்இ: வீட்டு வாசலில் வைத்துச் சரி செய்ய முடியுமா?

கேள்வி, 3 மார்ச் 2024

"ஒரு பழைய ரேஞ்ச் ரோவர் விலைக்கு வந்திருக்கிறது. 1990 வோக் எஸ்இ, 3.9 லிட்டர் வி8. பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டி, ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. பாடி அலுமினியம், அதனால் துரு கிடையாது, பாலிஷ் போட்டு ஓட்ட வேண்டியதுதான் என்கிறார் விற்பவர். வெல்டிங் கொஞ்சம் தெரியும். வாங்கலாமா?"

3 மார்ச், இரவு

துரு கிடையாது என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். முன் மட்கார்டு, கதவுகளின் வெளித்தோல், கூரை, பின்பக்கவாட்டுத் தகடு இவைதான் அலுமினியம். இவற்றைத் தாங்கி நிற்கும் உள்கூடு முழுக்க இரும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில், கால் வைக்கும் தளம், உள் மட்கார்டு, பின் வீல் ஆர்ச், டிக்கிக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், மேல் பின்கதவின் ஃபிரேம், எல்லாமே இரும்புத் தகடு. வெளித்தோல் துருப்பிடிக்காததால் வண்டி பார்க்க நன்றாக நிற்கும். உள்ளே எலும்பு கரைந்திருக்கும்.

பார்க்கப் போகும்போது டார்ச், பழைய ஸ்க்ரூ டிரைவர், முட்டிக்குப் போட ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பானெட்டைக் கடைசியாகத் திறங்கள். முதலில் டிரைவர் காலடிக் கம்பளத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

5 மார்ச்

எஞ்சினைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டியில் பயப்படத் தேவையில்லாத பாகம் அதுதான். ப்யூக் நிறுவனம் 60களின் தொடக்கத்தில் செய்து கைவிட்ட அலுமினிய வி8ஐ ரோவர் உரிமை வாங்கி எடுத்து வந்தது. 1970இல் முதல் ரேஞ்ச் ரோவரில் 3528 சிசி. உங்கள் 3.9 அதே குடும்பத்தின் அகலத் துளை போட்ட பிள்ளை. பல பத்தாண்டுகள் பல வண்டிகளில் ஓடியதால் கேஸ்கெட் முதல் கேம்ஷாஃப்ட் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேயும், எஞ்சின் மேல்மூடியான ராக்கர் கவரில் எண்ணெய் கசியும், கூலன்ட் மாற்றாமல் விட்டால் உள்ளே அலுமினியம் அரிக்கும். எல்லாம் வாரக்கடைசிகளில் முடியும் வேலை.

எஞ்சின் ஓடுகிறது என்பதற்காக ஒரு பவுண்டுகூட அதிகமாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுக்க வேண்டியது தகடு நன்றாக இருப்பதற்கு.

17 மார்ச்

என் வண்டி கதை கேட்டவர்களுக்காக. நான் இருப்பது இங்கிலாந்தில், கவன்ட்ரியில். இந்த வண்டிகள் பிறந்த சோலிஹல் இங்கிருந்து பக்கம்தான். என்னுடையதும் 1990 வோக் எஸ்இ. ஒரு பண்ணையில் பாதி தார்ப்பாய் போட்டு நின்றது. தோல் சீட்டு, மர அலங்காரம், ஏசி, மின்சார சன்ரூஃப், எல்லாம் இருந்தது. எல்லாம் ஈரமாக இருந்தது.

டிரைவர் பக்கக் கம்பளத்தைத் தூக்கினேன். அதன் அடியில் விரல் கனத்துக்கு ஒரு சத்தம் அடக்கும் பஞ்சு மெத்தை. ஒரு கையால் தூக்க முடியவில்லை, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. ஓரத்தைப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் ஒழுகியது. அதற்கும் கீழே கறுப்புத் தார்த் தகடு, பார்க்க முழுசாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. இழுத்தபோது ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது. இரும்பு போய், தார் மட்டும் தளத்தின் வடிவத்தில் நின்றிருக்கிறது.

தண்ணீர் வந்த வழியைத் தேடினேன். சன்ரூஃப் சட்டத்தில் மழைநீர் வடிய முன்பக்கம் இரண்டு குழாய்கள் உண்டு, கண்ணாடித் தூண் வழியாக இறங்கும். ஒன்று சருகும் பாசியும் அடைத்து, இணைப்பில் கழன்றிருந்தது. பெய்த மழை எல்லாம் நேராகக் காலடிக்கு. வெளியே குளிர்காலத்தில் பனிக்காகச் சாலையில் போடும் உப்பு, உள்ளே ஊறிய மெத்தை, நடுவில் தகடு. இரண்டு பக்கமும் அரித்தால் எது நிற்கும்?

இதைப் பார்த்த பிறகு ஒன்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. 1970இல் ரோவர் பொறியாளர்கள் ஸ்பென் கிங்கும் கார்டன் பேஷ்ஃபோர்டும் உருவாக்கிய வண்டியில் வினைல் சீட்டு, ரப்பர் விரிப்பு. சேறு ஆனால் ஹோஸ் பைப் பிடித்துக் கழுவிவிடலாம் என்பதுதான் எண்ணமே. 80களில் வோக் என்ற பெயரும், நாலு கதவும், கம்பளமும், சன்ரூஃபும் ஒவ்வொன்றாக ஏறின. கழுவி வடியவிட வேண்டிய தளத்தின் மேல் தண்ணீர் பிடிக்கும் மெத்தையைப் போட்டு, கூரையில் ஒரு துளையும் போட்டார்கள். இந்த வண்டியைத் தின்றது அதன் சொகுசுதான்.

18 மார்ச்

"அந்தக் காலத்து இரண்டு கதவு வண்டிகளும் துருப்பிடித்தனவே" என்று ஒருவர். உண்மை, அவையும் அழுகின. கூட்டின் மூலைகளுக்குள் பெயிண்ட் சரியாகப் போகவில்லை, சேறு தங்கும் பொந்துகள் ஏராளம். ஆனால் ரப்பர் விரிப்பை எடுத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். மெத்தை வந்த பிறகு முப்பது வருடம் யாரும் பார்க்கவில்லை. அதுதான் என் வாதம்.

6 ஏப்ரல்

பாடியைச் சேஸிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, தூக்குவதா வேண்டாமா? பெரிய குழப்பம் இது.

தூக்கலாம். பாடி தனி, சேஸ் தனி, இடையில் ரப்பர் வைத்த போல்ட்டுகள்தான். ஆனால் தூக்கிய பாடியை வைக்க இடம் வேண்டும், எனக்கு இருப்பது ஒரு கார் நிற்கும் கராஜ், அதற்கு முன்னால் ஒரு வாசல். அதைவிடப் பெரிய காரணம், சில் அழுகிய கூட்டைத் தூக்கினால் அது வளையும். பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. முதலில் சேஸ் மேலேயே வைத்து சில்லையும் தளத்தையும் முழுசாகக் கட்டிவிட்டு, அதன்பின் தூக்கத் தேவை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். என் சேஸின் பெட்டிச் சட்டம் சுத்தியலால் தட்டினால் எங்கும் மணி மாதிரிதான் ஒலிக்கிறது, பெட்ரோல் டேங்க் பக்கம் மட்டும் மேல்துரு.

வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல் ஒவ்வொன்றிலும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு அடித்துவிடுங்கள். கதவு இடைவெளி எல்லா இடத்திலும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். இரண்டு சில்லையும் சேர்த்து அறுத்துப் போட்ட ஒரு வண்டியை நேரில் பார்த்திருக்கிறேன், நடுவில் தொய்ந்திருந்தது.

9 ஏப்ரல்

அவசரக் குறிப்பு, எல்லோரும் படியுங்கள். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால், பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றும், தரையில் இருக்கும் மறுசக்கரம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். பின்பக்கம் தூக்கும் முன் முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

11 மே

வெல்டிங். பட்டி பார்த்து மூடிவிடலாமா என்று கேட்டவருக்கு: இங்கே வருடாந்தர எம்ஓடி சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன், பாடி மவுண்ட் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனமாக இருந்தால் வண்டி தேறாது. அங்கே ஒட்டும் தகட்டைச் சுற்றிலும் இடைவிடாமல் வெல்டு அடித்திருக்க வேண்டும், புள்ளி புள்ளியாக வைத்தால் போதாது. பட்டி அடித்து மறைத்தால் சோதகர் தட்டும் தட்டிலேயே தெரியும். சோதனையை விடுங்கள், அந்த பெல்ட்டில் என் மகள் உட்காரப் போகிறாள்.

வீட்டில் வைத்துச் செய்ய, ஆர்கான் கலந்த வாயுவோடு கம்பி ஊட்டி அடிக்கும் மிக் வெல்டர் வாங்குங்கள். வாயு இல்லாத கம்பியில் மெல்லிய தகடு ஓட்டையாகிக்கொண்டே போகும். காலடித் தளத்துக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு பயன்படுத்தினேன், சில்லுக்கு 1.5. சூடு ஒரே இடத்தில் சேராமல் அங்கொன்று இங்கொன்றாகத் தாவித் தாவி அடித்து, கடைசியில் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பழைய தகடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் வரை கிரைண்டர் போடுங்கள். துருவின் மேல் வெல்டு பிடிக்காது, கொப்பளிக்கும்.

அறுக்கும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். கெட்ட தகடு முடிந்து நல்ல தகடு தொடங்கும் இடத்தில் நிற்காமல், நல்லதிலும் இன்னும் இரண்டு விரல் அகலம் உள்ளே போய் அறுப்பது. இதனால் ஒட்டு சின்னதாக இருக்காது, ஆனால் மறுபடி அதே இடத்தைத் திறக்க வேண்டி வராது. பின் வீல் ஆர்ச்சும் சில்லும் சேரும் மூலையில் முந்தைய உரிமையாளர்கள் காலத்து ஒட்டுகள் மூன்று அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. அடியில் இருந்த அசல் தகடு கையில் எடுத்தால் பிஸ்கட் போல உதிர்ந்தது. அவ்வளவையும் எடுத்துவிட்டு, ரெடிமேடாகக் கிடைக்கும் மூலைத் துண்டை வாங்கி வைத்தேன். அட்டையில் வரைந்து நானே மடித்துச் செய்யத்தான் நினைத்தேன், ஆனால் அந்த மூலையில் பாடி மவுண்ட் உட்காருகிறது, கோணம் சரியாக வர வேண்டும்.

12 மே

விட்டுப்போனது: வெல்டு அடிக்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுங்கள், எஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பிளக்குகளையும் பிரியுங்கள். தார்த் தகட்டை வெல்டு இடத்திலிருந்து நன்றாகச் சுரண்டி எடுங்கள், அது புகைந்து எரியும். பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீரோடு நிற்கட்டும். எங்கள் வீட்டில் மனைவிதான் நின்றாள், இரண்டு முறை அவள்தான் முதலில் புகையைப் பார்த்தாள்.

2 ஜூன்

கதவு ஓரத்தில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பியிருக்கிறது, உள்ளே வெள்ளை மாவு, அலுமினியம்தானே என்கிறீர்கள். அலுமினியத் தோல் இரும்பு ஃபிரேமைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் அந்த மடிப்புக்குள் போனால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். வெள்ளை மாவு அதன் ஆக்ஸைடு.

மேலே பெயிண்ட் அடித்துப் பயனில்லை. மடிப்பைப் பிரித்து, மாவைச் சுரண்டி, ஃபிரேமில் எபாக்ஸி பிரைமர் பூசி, இரண்டுக்கும் இடையில் தடுப்புப் பசை வைத்துத் திரும்ப மடிக்க வேண்டும். விமானக்காரர்கள் பயன்படுத்தும் டூராலாக் என்ற மஞ்சள் பசை உண்டு. அதில் குரோமேட் இருப்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மட்கார்டு போல்ட்டுகளுக்கும் அதே பசை, அடியில் நைலான் வாஷர்.

ஒரு கதவு மட்டும் மீட்க முடியாத நிலை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவரிடம் வேறொன்று வாங்கினேன். நம் ஊர் டிங்கர் ஒருவர் இருந்தால் அதையும் தட்டி எடுத்திருப்பார். அலுமினியத்தைச் சூடுபார்த்துத் தட்டும் கை எனக்கு இன்னும் வரவில்லை.

29 ஜூன்

நீண்ட நாள் நின்ற எஞ்சினைச் சாவி போட்டுத் திருப்பாதீர்கள். விற்பவர் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து காட்டினார் என்றாலும் சரி.

இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் முன் கவரில் இருக்கிறது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டுதான் அதைச் சுற்றுகிறது. பல மாதம் நின்றால் பம்ப் வறண்டுவிடும். வறண்ட பம்ப் எண்ணெயை இழுக்கத் திணறும், அதற்குள் கேமும் பேரிங்கும் உலர்ந்தபடி உரசும். டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் கோணத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அந்தத் துளை வழியாக நீளத் தண்டு ஒன்றை விட்டு, டிரில்லால் பம்பைச் சுற்றுங்கள். முதலில் டிரில் சும்மா சுற்றும். திடீரென்று கனக்கும், சத்தம் தாழும். எண்ணெய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டியில் அந்தக் கனம் கையில் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்ணெய் 20டபிள்யூ50, துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள பழைய வண்டி எண்ணெய். இந்தக் கேமுக்கு அது அவசியம்.

பழைய பெட்ரோலை முழுசாக வடித்தேன். இங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய் அதில் உப்பும், வெடிப்பு விடும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயாக மாற்றிவிட்டு, சூப்பர் பெட்ரோல் போடுகிறேன், அதில் எத்தனால் அளவு குறைவு. பானெட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிந்து எரிந்த வண்டிகள் உண்டு, இதில் சிக்கனம் வேண்டாம்.

பிளக் வயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அடுத்தடுத்து வெடிப்பவை. இவற்றின் வயர்கள் ஒட்டி ஓடினால் ஒன்றின் பொறி மற்றதைத் தூண்டிவிடும். தனித்தனிக் கிளிப்பில் பிரித்து மாட்டுங்கள்.

ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கினால் முதலில் ஐடிலில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவது கடைசியில்.

21 ஜூலை

உள்கூரைத் துணி தொங்குகிறது என்று இரண்டு பேர். எல்லா வண்டியிலும் தொங்கும். துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம், காலப்போக்கில் அது பழுப்புத் தூளாகிவிடும், ஒட்டப் பிடிமானம் இல்லை. குண்டூசி குத்தி நிறுத்துவது வேண்டாம். பலகையைப் பின்கதவு வழியாக வெளியே எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு தூளை எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் புதுத் துணியும் விழும். பசை சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும்.

பழைய மெத்தைகளைத் திரும்பப் போடவில்லை. தளத்துக்கு எபாக்ஸி, அதன் மேல் பெயிண்ட், தண்ணீர் குடிக்காத மூடிய செல் ஃபோம், அதன் மேல் எளிதாகக் கழற்றும் கம்பளம். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. பரவாயில்லை, மழை பெய்த மறுநாள் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க முடிகிறது. அசல் வடிவம் கெட்டுவிட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டார். அசலாக இருந்த ஒன்றுதான் தளத்தை அழித்தது. அதை நான் மறுபடி வைக்க மாட்டேன்.

18 ஆகஸ்ட்

பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, கனமான ஸ்ப்ரிங் போடலாமா? எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான், எளிது, மலிவு. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். பின் அச்சின் நடுவில் போகே நிறுவனத்தின் தானே மட்டம் பார்க்கும் சிலிண்டர் ஒன்று உண்டு. பாரம் ஏறினால் ஓட்டத்தில் அதுவே பம்ப் அடித்து வண்டியைத் தூக்கும். அது ஒரு பங்கு எடையைச் சுமப்பதால்தான் பின் ஸ்ப்ரிங்குகளை மென்மையாக வைத்தார்கள். இந்த வண்டி குழிச் சாலையில் மிதந்து போகும் சுகம் அதிலிருந்து வருகிறது. கனமான ஸ்ப்ரிங் போட்டால் உயரம் வரும், சுகம் போகும். சிலிண்டரைத் தேடி மாற்றினேன், மலிவாக இல்லை. ஓட்டிப் பார்த்த பிறகு அந்தக் காசைப் பற்றி நினைக்கவில்லை.

அதே நாளில் விஸ்கஸ் கப்ளிங்கையும் பார்த்தேன், அது கெட்டியான திரவம் நிரப்பிய இணைப்பு. இந்த வருடத்து வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே அதுதான் சமன் செய்கிறது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி நீளமான பாரால் சுற்றுங்கள். தேனில் கரண்டி சுழல்வதைப் போலத் தடையோடு மெல்ல நகர்ந்தால் நல்லது. அசையவே இல்லை என்றால் இறுகிவிட்டது, அப்படியே ஓட்டினால் திருப்பங்களில் முறுக்கம் ஏறி டிரான்ஸ்ஃபர் பெட்டியே போகும்.

15 செப்டம்பர்

செலவு எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். 2017இல் லேண்ட் ரோவரே பழைய ரேஞ்ச் ரோவர்களை மீட்டு 135,000 பவுண்டிலிருந்து விற்கத் தொடங்கியது. அதைப் பார்த்து வீட்டில் செய்தால் லாபம் என்று கணக்குப் போடாதீர்கள். என் உழைப்புக்குக் கூலி சேர்த்தால் இதில் லாபம் இல்லை. பிடித்திருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஓட்டும் செலவையும் எண்ணிக்கொள்ளுங்கள். புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கான கட்டணம், பர்மிங்ஹாம் நடுப்பகுதிக்குள் போனால் நாளுக்கு 8 பவுண்டு, லண்டனில் 12.50. 40 வயது தாண்டி வரலாற்று வண்டியாகப் பதிவானால் இரண்டும் கிடையாது, 1990 வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது. நான் ஊருக்குள் கொண்டு போவதில்லை, வேல்ஸ் மலைப் பக்கம்தான்.

22 செப்டம்பர்

பிரேக் வேலை பார்ப்பவர்களுக்கு. ஏபிஎஸ் உள்ள வண்டியில் இக்னிஷனை அணைத்த பிறகும், பிரேக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரில் உயர் அழுத்தம் நிற்கும். எந்தக் குழாயையும் கழற்றும் முன் பெடல் கல்லாகும் வரை திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தத்தை இறக்குங்கள். சாவி போட்டதும் பம்ப் ஓடி நின்றுவிட வேண்டும். சும்மா நிற்கும்போதும், ஒவ்வொரு மிதிக்கும் மறுபடி ஓடினால் அக்யூமுலேட்டர் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நின்ற வண்டியில் முழுசாக மாற்றியே ஆக வேண்டும்.

5 அக்டோபர்

எம்ஓடி தேறியது. ஒரே குறிப்பு, முன் சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள ஸ்விவல் பந்தின் குரோமில் புள்ளி விழுந்து எண்ணெய் லேசாகக் கசிகிறது. அது எனக்குத் தெரியும், பந்தும் சீலும் வாங்கி வைத்திருக்கிறேன்.

12 அக்டோபர்

உள்பொந்துகளுக்குத் துருத் தடுப்பு மெழுகு எப்போது அடிப்பது என்று கேட்டவருக்கு: குளிர்காலத்தில் உப்புத் தூவும் வண்டி சாலைக்கு வருவதற்கு முன், வெயில் உள்ள ஒரு நாளில். டப்பாவைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் மெழுகு இளகி மூலைக்குள் ஓடும். சில்லுக்குள் நீளக் குழாயை முழுசாக விட்டு, அழுத்தியபடியே மெல்ல வெளியே இழுங்கள். கீழே உள்ள வடிகால் துளைகளில் மெழுகு சொட்ட வேண்டும். சொட்டி நின்றதும் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள், மெழுகு அடைத்த துளை இருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கதவு, மேல் பின்கதவு ஃபிரேம், உள் மட்கார்டு மடிப்புகள் இவற்றுக்கும் அதே முறை. எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்காதீர்கள். அடித்த பிறகு வாசலில் ஒன்றிரண்டு நாள் சொட்டும், அட்டை விரித்து வையுங்கள்.